நந்தியாவட்டையைச் சுற்றி

ஏற்காட்டு மலையில், பனி இறங்கினால் வாசல் கேட்கூடத் தெரியாத ஒரு வீட்டில், பிலோமினா டீச்சர் பூ வரையச் சொல்லிக் கொடுத்தார். பூ மட்டும்தான். மலை வரையணும், மயில் வரையணும் என்று வருகிறவர்களை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து சேர்ந்தாலும் முதலில் அவர் முன்னால் ஒரு செம்பருத்தி வந்து உட்காரும், கண்ணாடி டம்ளரில். நாள் போகும், மாதம் போகும், செம்பருத்தி போகாது. என்றைக்கு டீச்சருக்குத் தோன்றுகிறதோ அன்றைக்குக் காலையில் அந்த டம்ளரில் ஒரு வெள்ளைப்பூ இருக்கும். டீச்சர் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

வெள்ளைப்பூவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் வெள்ளை வர்ண டியூப் கிடையாது. யாராவது வாங்கி வந்தால் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார். தண்ணீர் வர்ணத்தில் வெள்ளை என்றால் தாளின் வெள்ளைதான். செம்பருத்தி வேண்டுமா, சிவப்பைத் தொட்டுப் பூவைப் போட்டுவிடலாம். வெள்ளைப்பூவை அப்படிப் போட முடியாது. பூவைத் தொடாமல் சுற்றியிருக்கிற இலையை, நிழலை, இருட்டைப் போட வேண்டும். எல்லாம் போட்டு முடித்த பிறகு நடுவில் மிச்சம் இருப்பதுதான் பூ. அதில் ஒரு சொட்டு விழுந்தால் போச்சு. அழித்து எழுத அது சிலேட்டு இல்லை.

இந்த டீச்சரிடம் கனகசபை வந்து சேர்ந்தார். வயதில் டீச்சரைவிட மூத்தவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு யானை வரையச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். "இடம் விடாதே, நெரப்பு. வெள்ளை தெரிஞ்சா மார்க்கு கெடையாது" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் சிலர் காதில் இருக்கிறது.

கூடவே அவர் மனைவி பாக்கியமும் வந்தார். படிக்க இல்லை. கனகசபைக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், மதியச் சோற்றுக்கு மோர் கலந்து கொடுக்க வேண்டும். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும் உப்புக்குச் சப்பாணி மாதிரி ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று டீச்சர் அவர் முன்னாலும் ஒரு தாளும் செம்பருத்தியும் வைத்தார்.

"எனக்கு எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்? கோலத்தைத் தவிர நான் என்னத்தைக் கண்டேன்?"

"பொழுது போகட்டும்மா."

கனகசபை சிரித்தார். "போடு, போடு. தப்பா வந்தா நான் திருத்தித் தர்றேன்."

அவர் போட்ட செம்பருத்திகள் பளபளவென்று இருந்தன. பூவுக்குப் பின்னால் நீலம், நீலத்துக்குப் பின்னால் ஊதா, மூலை மூலையாக நிரப்பிவிடுவார். பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள். டீச்சர் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒருநாள் கனகசபை பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"டீச்சர், எனக்கு எப்போ வெள்ளைப்பூ?"

டீச்சர் ஒரு புதுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல என்ன இருக்கு சார்?"

"ஒண்ணுமே இல்லையே."

டீச்சர் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். பாக்கியத்தின் முன்னால் வைத்தார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

பாக்கியம் தாளைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார். "தாள் இருக்குங்க. வெளிச்சமா இருக்கு."

 மறுநாள் காலை கனகசபையின் டம்ளரில் செம்பருத்தி இருந்தது. பாக்கியத்தின் டம்ளரில் நந்தியாவட்டை இருந்தது.

கனகசபையின் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் டம்ளர் மாறிவிட்டது என்றுதான் நினைத்தார். எழுந்து போய் மாற்றி வைக்கவும் போனார். எதிர் மேசையில் இருந்த ஹசீனாபானு பார்த்துவிட்டாள். வாய்த்துடுக்கான பெண்.

"டிராயிங் சார், வெள்ளைப்பூ அக்காவுக்குத்தான். இனிமே வீட்டுல சோறாக்குறது நீங்க, படம் போடுறது அக்கா. கைமாத்திக்கங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் கனகசபையைச் சுட்டது. ஹசீனா மட்டும் சிரித்திருந்தால் மறந்திருப்பார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது பாக்கியம் பேசிக்கொண்டே வந்தார்.

"ஏங்க, அது என்னமோ தெரியலைங்க. பூவைப் பாக்காதேங்குறாங்க டீச்சர். பூவுக்கும் இலைக்கும் நடுவுல இருக்கிற சந்தைப் பாருங்குறாங்க. பாத்தா, ஆமாங்க, அந்தச் சந்துக்கும் ஒரு உருவம் இருக்கு!"

"நந்தியாவட்டை வேலியோரம் பூக்குற பூ. சாமி படத்துக்குப் பறிக்கிறது. அதைப் போட்டு என்ன ஆகப்போகுது?"

"அதுவும் சரிதான்," என்றார் பாக்கியம்.  பிறகு தானாக ஏதோ முனகிப் பாடிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆன புதிதில் பாடியது. அப்புறம் எப்போது நின்றது என்று கனகசபைக்கு நினைவில்லை. இப்போது கேட்டபோது பாட்டு நன்றாயில்லை என்று தோன்றியது.

அன்றிலிருந்து அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. உண்மையாகவே எரிந்தது. மோரில் சரியாகவில்லை.

வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்தால், "ஆமாமா, பெரிய ஆர்ட்டிஸ்ட்டு, உப்பெல்லாம் நெனப்பு இருக்குமா?" என்பார். பால் பொங்கினால், "நந்தியாவட்டை நெனப்பா?" என்பார். பாக்கியம் அடுப்பைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை மட்டும், "உங்ககூட வந்துதானேங்க இதெல்லாம் பாத்தேன். நீங்க கூட்டிட்டுப் போகலைன்னா எனக்கு ஏது?" என்றார். அதையும் குத்தல் என்றே எடுத்துக்கொண்டார் அவர். வயிறு எரிகிறவனுக்குப் பாயசமும் காரமாய்த்தான் இருக்கும்.

டீச்சர் வீட்டில் இன்னும் மோசம். கனகசபையின் கை செம்பருத்தியில் இருக்கும், கண் ஜன்னலோரத்தில் இருக்கும். பாக்கியம் எந்த இலையைப் போடுகிறாள், எந்தச் சந்தை விடுகிறாள், பிரஷ்ஷை எப்படிப் பிடிக்கிறாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. யோசிக்கும்போது பிரஷ் காம்பைப் பல்லில் கடிப்பாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கொண்டையிலிருந்து ஒரு மயிர்க்கற்றை நழுவிக் கழுத்தில் விழும், ஒதுக்க மாட்டாள். அடிக்கடி தலையைத் திருப்பி இவர் மேசைப் பக்கம் பார்ப்பாள்.

பீற்றிக்கொள்ளத்தான் பார்க்கிறாள் என்று இவர் முடிவு செய்தார்.

"என்னத்துக்கு என்னையே பாத்துட்டு இருக்கே?"

"சும்மாதாங்க."

"உன் படத்தைப் பாரு."

பாக்கியம் தன் படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தலை திரும்பியது.

கோடை வந்தது. ஊரில் பூக்கண்காட்சிக்குப் பந்தல் போட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பந்தல் வாசலில் டீச்சரின் மாணவர் ஒருவருடைய வெள்ளைப்பூப் படம் தொங்கும். ஊரே அதற்குக் கீழே குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கனகசபையிடம் படித்த பையன்கள் இப்போது தாசில்தாராகவும் டாக்டராகவும் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். படத்தின் கீழே இவர் பேரைப் பார்த்துவிட்டு, "இவர்தான் எங்க டிராயிங் சார்" என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். இதற்குத்தான் அவர் இந்த வீட்டுப் படியேறியதே. வேறு ஆசை அவருக்கு இல்லை.

டீச்சர் ஒருநாள் கையில் துணியோடு ஜன்னலோரம் நின்று சொன்னார்: "பாக்கியம்மா, இந்த வருஷம் வாசல்ல உங்க நந்தியாவட்டை."

பாக்கியம் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ, வேண்டாங்க டீச்சர். அவருதைப் போடுங்க. நான் சும்மா..."

"அவருது செம்பருத்திம்மா."

'அவருதைப் போடுங்க' என்றாள் பாருங்கள், அதைத்தான் கனகசபையால் தாங்க முடியவில்லை. பிச்சை போடுகிறாளா?

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாக்கியத்தின் பீங்கான் தட்டில் டீச்சர் இரண்டே வர்ணம்தான் பிழிந்து கொடுத்திருந்தார், நீலமும் மஞ்சளும். இரண்டையும் கூட்டிக் கூட்டி பாக்கியம் வேலியை எழுப்பினார். மேல் இலை இளம்பச்சை, உள்ளே போகப் போகக் கரும்பச்சை, அடியில் கிட்டத்தட்ட இருட்டு. அந்த இருட்டை வெட்டிக்கொண்டு ஐந்து இதழ், ஒருபக்கமாகச் சற்றே முறுக்கிக்கொண்டு, தாள் தாளாகவே நின்றது. பூவில் பிரஷ் படவே இல்லை. ஆனாலும் பறித்துக் காதோரம் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசி இலை ஒன்று பாக்கி.

மதியம். ஹசீனாவும் மற்றவர்களும் வெளியே வெயிலில் உட்கார்ந்து சாப்பிடப் போனார்கள். பாக்கியம் மோர்ப் பாத்திரத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனார். டீச்சர் சமையலறையில் இருந்தார்.

கனகசபை எழுந்து ஜன்னலோரம் போனார். பார்க்கத்தான் போனார். கையில் பிரஷ் இருந்தது, அதன் நுனியில் செம்பருத்திச் சிவப்பு இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றாரோ. படத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கத் தேடினார். இலையில் தேடினார், நிழலில் தேடினார். கிடைக்கவில்லை. அப்போது வலது கையின் பிரஷ்ஷை இடது கையின் விரலில் ஒரு தட்டுத் தட்டினார்.

தவறி விழவில்லை. தட்டினார்.

ஒரே சொட்டு. மூன்றாவது இதழில் விழுந்தது. பக்கத்து இலையின் ஈரம் தாளில் ஊறியிருந்ததால் நின்ற இடத்தில் நிற்காமல் மெல்ல விரிந்தது. மிளகளவு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றிப்பொட்டு அளவு ஆனது. கனகசபைக்கு அந்த நிமிஷம் எத்தனை சந்தோஷம்! வயிற்றெரிச்சல் சட்டென்று அடங்கியது. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினார்.

பாக்கியம் வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார்.

சத்தம் போடுவாள், அழுவாள் என்று கனகசபை காத்திருந்தார். பாக்கியம் படத்தைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அன்றைக்கு இவர் மேசைப் பக்கம் தலை திரும்பவே இல்லை.

டீச்சர் வந்து நின்றார். ஹசீனா எட்டிப் பார்த்து, "ஐயையோ அக்கா! யாரு பண்ணுன வேலை இது?" என்று கத்தினாள்.

"யாரும் இல்லை," என்றார் பாக்கியம். "என் கைதான் தவறிடுச்சு. வயசான கை."

கனகசபை தலை நிமிரவில்லை. டம்ளரில் இருந்த தண்ணீரைப் பிரஷ்ஷால் கலக்கிக்கொண்டே இருந்தார். தண்ணீர் சிவந்துகொண்டே போனது.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் பாக்கியம். "நாளையிலேருந்து நான் வரலை. அவரு மட்டும் வரட்டும்."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

வீட்டில் எல்லாம் பழையபடி ஆனது. சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தது. பால் பொங்கவில்லை. வர்ணம் கரைக்க வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பித்தளை டம்ளரைப் பாக்கியம் புளி போட்டுத் தேய்த்து மறுபடி காப்பிக்கு வைத்துக்கொண்டார். தன் பிரஷ்ஷைக் கழுவி, ஈரம் ஒற்றி, கனகசபையின் பையில் வைத்தார்.

"எனக்கு எதுக்குங்க இனிமே. நல்ல பிரஷ், வீணாப் போகக் கூடாது."

"ஏன், வீட்டுலயே போடேன்," என்றார் கனகசபை. பெருந்தன்மையாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

"வேலை கெடக்கு," என்றார் பாக்கியம்.

பாட்டும் நின்றுவிட்டது. அது நின்றதை இந்த முறை கனகசபை கவனித்தார். வீட்டில் ஏதோ கடிகாரம் நின்றுபோன மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் அதற்காக நிற்கவில்லை. பந்தல் வாசல் காலியாக இருக்கிறதே!

இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போனார். பாக்கியம் கொடுத்தனுப்பிய தண்ணீர்ச் செம்பையும் மாத்திரை டப்பாவையும் மேசையில் வைத்தார், மாத்திரை போட மறந்தார். நேராக டீச்சர் முன்னால் நின்றார்.

"டீச்சர், கண்காட்சிக்குப் படம் வேணுமே. இப்பவாவது எனக்கு வெள்ளைப்பூ குடுப்பீங்களா?"

ஹசீனா நிமிர்ந்து பார்த்தாள். 

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தர்றேன் சார். அதுக்கு முந்தி ஒரே ஒரு பாடம் பாக்கி இருக்கு. செஞ்சிடுறீங்களா?"

"சொல்லுங்க."

"பாக்கியம்மா உக்காந்திருந்தாங்களே, அந்த மூலை. அவங்க அங்க உக்காந்திருக்கிற மாதிரியே வச்சுக்கிட்டு வரைங்க. ஜன்னல், மேசை, நாற்காலி எல்லாம். அவங்களை மட்டும் வரையாதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீங்க செம்பருத்திக்குப் போட்டீங்களே, அதே வர்ணம் எது வேணுமானாலும் எடுத்துக்கங்க. அவங்க மேல மட்டும் பிரஷ் படக்கூடாது."

கனகசபைக்கு உள்ளூரக் குஷி. அவள் இல்லாத படம். இதைவிடச் சுலபமான பாடம் உண்டா? பெரிய தாளாக வாங்கிக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து ஆரம்பித்தார். முதல் கம்பி மேலிருந்து கீழே முழுசாக வந்தது. இரண்டாவது கம்பி பாதியில் நின்றது, அங்கே அவள் தலை மறைக்கும். எங்கே நிற்கும் என்று யோசிக்கவே இல்லை, பிரஷ் தானாக நின்றது. கொண்டையைச் சுற்றித் திரைத்துணியின் காவி நிறத்தைக் கொண்டுபோனார். கொண்டையிலிருந்து நழுவும் கற்றை இருக்கிறதே, அதற்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்தில் ஜன்னல் வெளிச்சத்தின் நீலம் தெரியும். அதை நுனி பிரஷ்ஷால் வைத்தார்.

இடது தோள் இறங்கியிருக்கும். அதனால் அந்தப் பக்கம் நாற்காலிச் சட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். சட்டத்தைப் போட்டார். அந்தத் தோள் ஏன் இறங்கியது? கல்யாணமான புதிதில் குடியிருந்த வீட்டில் குழாய் கிடையாது. இவர் பள்ளிக்கூடத்தில் யானை வரைந்துகொண்டிருந்த வருஷங்கள் பூராவும் அந்தத் தோள் மேல்தான் குடம் குடமாக மேடேறித் தண்ணீர் வந்தது. இவர் குளிக்க. அதை நினைத்ததும் பிரஷ் நின்றது. பிறகு ஓடியது.

முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு முக்கோணச் சந்து, அதில் சுவரின் பழுப்பு. பல்லில் கடித்த பிரஷ் காம்பின் மேலும் கீழும் மேசை நிழல். மடியில் கிடக்கும் முந்தானையின் ஓரமாகத் தரையின் சிவப்பு.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். காதில் விழவில்லை. யாரோ விளக்கைப் போட்டார்கள். பந்தல் வாசல் ஞாபகம் வரவில்லை. தாசில்தார் ஞாபகம் வரவில்லை. வயிறு எரிகிறதா இல்லையா என்பதுகூட ஞாபகம் வரவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

அங்கே பாக்கியம் உட்கார்ந்திருந்தார்.

மூக்கு இல்லை, கண் இல்லை, புடவைக் கரை இல்லை. வெறும் தாள். ஆனால் பாக்கியம்தான். பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டு, தோளைத் தாழ்த்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி, கனகசபையின் மேசைப் பக்கமே பார்த்துக்கொண்டு.

"நான் இவளை வரையலையே டீச்சர்."

"ஆமா சார். நீங்க வரையலை."

"நான் சுத்தியிருக்கிறதை மட்டும்தானே..." படத்தின் கிட்டே போனார். "தலை ஏன் இப்படித் திரும்பியிருக்கு? நான் வேணும்னு பண்ணலை. கம்பி அங்கதான் மறையும், அதனால..."

"அந்த ஜன்னலோரத்துலேருந்து உங்க மேசையைப் பாத்தா என்ன சார் தெரியும்?"

கனகசபை போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தார். தலையைத் திருப்பித் தன் மேசையைப் பார்த்தார். அங்கிருந்து அவர் படம் தெரியவில்லை. பலகை மறைத்தது. தண்ணீர் வைத்த செம்பும், அதன் மேல் மாத்திரை வைக்கும் சின்ன டப்பாவும்தான் தெரிந்தன. டப்பா மூடியபடியே இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் உள்ளே போய் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். ஒன்று பாக்கியத்தின் நந்தியாவட்டைப் படம். மூன்றாவது இதழில் அந்தச் சிவப்புக் கறை காய்ந்து நின்றது. இன்னொன்று பாக்கியத்தின் பீங்கான் தட்டு. கழுவாமல் அப்படியே இருந்தது. நீலம் இருந்தது, மஞ்சள் இருந்தது, கூட்டிய பச்சை இருந்தது.

கனகசபை தட்டைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். சிவப்பு எங்காவது ஒரு மூலையில் இருக்காதா என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை.

"அப்போ அவளுக்கு..." என்றார். "அன்னிக்கே அவளுக்கு..."

டீச்சர் தட்டை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"கை தவறிடுச்சுன்னு சொன்னாளே டீச்சர். எல்லார் முன்னாலயும் சொன்னாளே. நான் அங்கதானே உக்காந்திருந்தேன்."

ஹசீனா தன் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

கனகசபை தன் வேட்டி நுனியைத் தண்ணீரில் நனைத்து, அந்தக் கறையை ஒற்றப் போனார். டீச்சர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஒத்துனா வெளுக்கும் சார். போகாது. தாளும் பிஞ்சிடும்."

"வேற வழியே இல்லையா?"

"தாள் குடிச்சது குடிச்சதுதான்."

வெளியே பனி இறங்கிவிட்டது. கேட் தெரியவில்லை. கனகசபை எழுந்து தான் வரைந்த படத்தின் முன்னால் போய் நின்றார். பந்தல் வாசலைப் பற்றி அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் ஒன்றும் தெளியவில்லை, நனைந்தது கண்ணாடி இல்லை.

"டீச்சர், நான் போய்க் கூப்பிட்டா அவ திரும்ப வருவாளா?"

டீச்சர் பலகையிலிருந்து படத்தைக் கழற்றினார். இரண்டு கையாலும் மட்டமாகப் பிடித்து அவரிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியாது சார். படம் இன்னும் காயலை, இப்படியே மட்டமாப் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோங்க. குனிஞ்சு பாத்துட்டே நடக்காதீங்க, கண்ணு நெறஞ்சிருக்கு. அந்த வெள்ளையில இன்னொரு சொட்டு விழுந்துடப் போகுது."